அகல் விளக்கும் அந்திக் கல்லூரியும்

நம் சங்க மலரில் நூல் ஆய்வு எழுதுபவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்கள். நான் லிங்கராஜபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். தமிழை வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் அல்லன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில், கல்லாவுக்கு அடியில் புத்தகத்தை வைத்துப் படித்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் பேராசிரியர்களுக்குரிய முறைமை குறைந்தால் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். மு.வரதராசனாரின் 'அகல் விளக்கு' நாவலைப் பற்றி 1997-ஆம் ஆண்டிலிருந்து எனக்குள் ஓர் உறுத்தல் இருந்து வருகிறது. அதை இங்கே சொல்லிவிடலாம் என்று துணிந்தேன்.

அந்த ஆண்டு என் கடையில் பேர் வெட்டுகிற வேலையில் ஒரு பையன் இருந்தான். பாத்திரம் வாங்குவோர் பெண்ணின் பேரோ மாப்பிள்ளையின் பேரோ சொன்னால், கையளவு மிஷினை வைத்து எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக வெட்டித் தர வேண்டும். தமிழில் வெட்டத் தெரிந்துதான் வந்தான். கன்னடத்தில் வெட்டத் தானாகவே கற்றுக்கொண்டான். பி.யூ.சி. தேறியவன், அப்போது வயது பத்தொன்பது. ஒரு நாள் மாலைக் கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டி, "மொதலாளி, பி.காம். சேரலாம்னு இருக்கேன். அஞ்சரைக்கு வகுப்பு. அஞ்சு மணிக்கு விட்டீங்கன்னா சிவாஜிநகர் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்" என்றான்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்ப்பா" என்றேன். வியாபாரிகள் வாயில் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவனுக்கு 'அகல் விளக்கு' பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "இதைப் படி. ஒழுக்கமும் பொறுமையும் இருந்தா எப்படியும் முன்னுக்கு வரலாம்" என்று உபதேசமும் சேர்த்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல கதை மொதலாளி. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் படிப்பு மட்டும்தானே வேலை?"

'அகல் விளக்கு' பற்றி நான் படித்த விமரிசனங்களில் இதைவிடச் சுருக்கமானதும் கூர்மையானதும் இல்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

நூலின் பெருமை

முதலில் நூலுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். 1958-இல் வெளிவந்த நாவல். 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பள்ளித் தோழர்கள் இருவரின் கதை. வேலய்யன் என்பவன் தன் நண்பன் சந்திரனின் வாழ்க்கையைத் தானே சொல்வதாக அமைந்தது. சந்திரன் அழகன், கூரிய அறிவுடையவன். சென்னைக்குச் சென்று கல்லூரியில் சேர்கிறான். ஒருதலை ஆசை நிறைவேறாமல் போக, மனம் தடுமாறிப் படிப்பை விட்டு ஓடிப்போகிறான். கடைசியில் கொடிய நோய்ப்பட்டு மடிகிறான். வேலய்யன் அவ்வளவு ஒளி உள்ளவன் அல்லன். ஆனால் நின்று எரிகிறவன். மெதுவாகப் படித்து, பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து குடும்பத்தைக் காக்கிறான். நூலின் பெயருக்கு உரியவன் அவனே.

எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்போது பெட்டியில் துணிமணியோடு இந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நம் பெங்களூர் வீடுகளிலும் பழைய பிரதிகள் இருக்கும். அறிவு மட்டும் போதாது, அடக்கமும் வேண்டும் என்பதை உபதேசமாக இல்லாமல் இரண்டு உயிருள்ள மனிதர்களாக நிறுத்திக் காட்டியது மு.வ.வின் வெற்றி. அதில் எனக்கு மறுப்பில்லை.

நூலாசிரியரின் வாழ்க்கை

ஆனால் மு.வ.வின் சொந்த வரலாற்றை எடுத்து நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு உண்டாகிறது. 1912-இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போனவர் அல்லர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். முருகையா முதலியார் என்னும் தமிழாசிரியரிடம் பாடம் கேட்டார். 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் சாமானியமான தொகையா? பிறகு திருப்பத்தூரிலேயே உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து 1939-இல் பி.ஓ.எல். தேறினார். அதே ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திக்கொண்டே 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர். 1974-இல் மறைந்தார்.

அதாவது, சந்திரனும் வேலய்யனும் மாணவராகப் போன கல்லூரி வாசலுக்கு மு.வ. ஆசிரியராகத்தான் போனார். இருபது வயதுக்கு மேல் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டே பட்டம் பெற்ற மனிதர் அவர். நியாயமாகப் பார்த்தால், வேலைக்கு நடுவே படிக்கும் இளைஞனைப் பற்றித் தமிழில் ஒரு பெரிய நாவல் எழுதும் தகுதி அவரைவிட வேறு யாருக்கு இருந்தது? ஆனால் அவருடைய பெரும் புகழ் பெற்ற நாவலில் கல்லூரிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பணத்தில், விடுதியில் தங்கி, முழுநேரமும் மாணவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் சோதனை மனத்தின் சோதனை. நேரம் இல்லை என்கிற சோதனை வருவதில்லை.

இதைக் குற்றம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். 1958-இல் பட்டப்படிப்பு என்பதே பல குடும்பங்களுக்குப் புதிது. முதல் தலைமுறையாகப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்பும் தாய் தந்தையருக்கு, அங்கே போய்க் கெட்டுவிடுவானோ என்பதுதான் கவலை. அந்தக் கவலைக்கு மு.வ. பதில் எழுதினார். தன் சொந்தச் சிரமத்தைக் கதையாக்கிப் பெருமை பேச வேண்டாம் என்ற அடக்கமும் காரணமாக இருக்கலாம்.

ஆயினும் விளைவு ஒன்று உண்டு. நாவலைப் படிக்கிற நமக்கு, முன்னேற்றம் முழுவதும் ஒருவனுடைய குணத்தில் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. அகல் நின்று எரிகிறது, சரி. அதற்கு எண்ணெய் ஊற்றுவது யார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. மு.வ.வின் அகலுக்கு ஓர் ஆசிரியர் எண்ணெய் ஊற்றினார். ஒரு மடம் ஊற்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூட வேலைக்கு மாலை நேரம் என்று ஒன்று உண்டு, கோடை விடுமுறை என்று ஒன்று உண்டு. என் கடைப் பையனுக்கு மாலை ஏது? மாலைதானே பாத்திரக்கடைக்கு வியாபார நேரம்! ஒரே குணம், ஒரே உழைப்பு உள்ள இரண்டு பேரில் ஒருவனுக்கு ஐந்து மணிக்கு மணி அடிக்கிறது, ஒருவனுக்கு ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்குகிறது. இந்த வித்தியாசத்தைக் குணக்கணக்கில் எழுத முடியாது.

பழைய நூல்கள் யாரிடம் பேசுகின்றன?

இதன்பின் பழைய நூல்களையும் இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்த்தேன். திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம். எங்கள் சமண முனிவர்கள் பாடிய நாலடியாரிலும் கல்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. புறநானூற்றில் 183-ஆம் பாட்டு, ஆசிரியருக்கு உதவியும் பொருளும் கொடுத்தாவது படித்துவிட வேண்டும் என்று ஓர் அரசனே சொல்வது. இவை யாவும் யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றன? படிக்க வேண்டியவனை. பெற்ற பிள்ளையைச் சான்றோனாக்கும் கடமை பற்றித் தந்தைக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் படிக்க விரும்புகிறவனின் பொழுதைக் கையில் வைத்திருக்கும் முதலாளியைப் பார்த்து, 'அவனை விடு, படிக்கட்டும்' என்று சொல்லும் ஒரு பாட்டு, நான் படித்த அளவில் என் கண்ணில் படவில்லை.

வள்ளுவர் இதை ஓரளவு உணர்ந்தவர் என்பது என் எண்ணம். கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் வைத்தவர், அதற்கு அடுத்துக் கேள்வி என்று ஒன்றை வைத்தார். உட்கார்ந்து படிக்க வாய்ப்பில்லாதவனுக்குக் காது வழியாகவாவது அறிவு சேரட்டும் என்ற கருணை அதில் தெரிகிறது. அவரும் அதற்குரிய நேரத்தை யார் தருவது என்று சொல்லவில்லை.

ஏட்டில் இல்லாதது நடப்பில் இருந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டேதான் சீவக சிந்தாமணியைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார். சமண மதச் செய்திகள் விளங்காமல் திகைத்தபோது அவருக்கு உதவியவர்கள் அவ்வூர்ச் சமணர்கள். சந்திரநாத செட்டியார் என்பவர் அவர்களுள் முக்கியமானவர். ஐயர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலில் விழாக்கோலமாக இருந்ததாம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்த நாள் அது என்றார்களாம். தம் சுயசரிதையில் ஐயரே இதை எழுதியிருக்கிறார். ஆசிரியர் வேலையில் இருந்த ஓர் இளைஞர், வேலை நேரம் போக மீதி நேரத்தில் வந்து கேட்டார். அவருக்காக அந்தக் குடும்பங்கள் தங்கள் பொழுதைக் கொடுத்தன. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதையும் ஓர் அந்திக் கல்லூரி என்று நான் சொல்வேன்.

நாம் வாழ வந்த இந்தக் கன்னட நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் சமண அம்மையார், பொன்னகவி இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் ஏட்டுப் பிரதிகள் எழுதுவித்து வழங்கினார். தான சிந்தாமணி என்று கன்னட மக்கள் அவரைப் போற்றுகிறார்கள். சமணத்தில் தானம் நான்கு வகை: உணவு, மருந்து, அடைக்கலம், சாஸ்திரம். இவற்றுள் சாஸ்திர தானம் என்றால் நூல் கொடுப்பது என்றே நானும் எண்ணியிருந்தேன். அதனால்தான் பையனுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு என் மனம் நிறைந்துபோயிற்று. அவன் கேட்டது புத்தகம் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம்.

கடைக்கணக்கு

அன்று நான் ஏன் மறுத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் பலர் என்னைச் 'சேட்டு' என்று கூப்பிடுவார்கள். ராஜஸ்தான்காரன் என்று நினைப்பு. நான் வந்தவாசிப் பக்கத்து நயினார். எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவேன், சாப்பிட்டுச் சற்று இளைப்பாறி ஏழு மணிக்குத்தான் வருவேன். அந்த இரண்டு மணி நேரமும் கடை அந்தப் பையன் பொறுப்பு. அவன் வகுப்புக்குப் போக வேண்டிய அதே நேரத்தில்தான் என் விரதமும் இருந்தது. என் நோன்பு கெடக்கூடாது, அதற்காக அவன் படிப்பு கெட்டால் பரவாயில்லை என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

வெகுநாள் கழித்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாபாரிக்குக் கணக்கில் வந்தால்தான் எதுவும் மனத்தில் பதியும். காலை ஒன்பதரைக்குக் கடை திறப்பு. இரவு ஒன்பதுக்கு அடைப்பு. சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால், பையனின் வேலை நாளுக்குப் பத்தரை மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் 63 மணி. கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் அன்று வகுத்திருந்தது நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம். நான் இரட்டிப்பு எங்கே கொடுத்தேன்? கூடுதலாக வாங்கியது வாரத்துக்கு 15 மணி. மாலை வகுப்பு நாளுக்கு மூன்று மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் அதுவும் 15 மணி.

கணக்கு ஒத்துப்போச்சு. அவன் என்னிடம் கேட்டது தானமே இல்லை. சட்டப்படி அவனுடையதாக இருந்த நேரத்தை, அவன் அறியாமல் என்னிடமே கேட்டு நின்றான். நானும் அதைத் தர்மம் என்று நினைத்து யோசித்தேன். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்காமல், அதற்குப் பதில் ஒரு நாவலைக் கொடுத்தேன். மு.வ. இதற்குப் பொறுப்பில்லை. ஆனால் ஒழுக்கம் இருந்தால் போதும் என்று படித்துப் பழகியவர்களுக்கு, பிறத்தியாருக்கு உபதேசம் செய்ய அவருடைய நாவல் வசதியாக இருந்துவிடுகிறது. பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகத்தை முதலாளிகள் கையாண்டால் இப்படித்தான் ஆகும்.

பையன் ஓராண்டில் வேறு கடைக்குப் போய்விட்டான். இப்போது அவருக்கே சொந்தக் கடை உண்டு, நன்றாக இருக்கிறார். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "படிப்பை அப்புறம் தொடர்ந்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "அப்ப விட்டது விட்டதுதான் மொதலாளி" என்றார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுமை குறைந்திருக்கும்.

இனி செய்யத்தக்கது

இந்த ஊரில் படிப்புக்கு வழி இல்லாமல் போகவில்லை. மியூசியம் ரோடு புனித ஜோசப் மாலைக் கல்லூரி 1972-இல் தொடங்கியது. பகலில் வேலை செய்கிறவர்கள் மாலையில் வந்து பட்டம் பெறுவதற்கென்றே ஏற்பட்டது. அஞ்சல் வழிக் கல்வியும் பழையதுதான்: தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1962-இல், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கினார்கள். 1985-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1996-இல் மைசூரில் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நேரம் கிடைக்காதவர்கள் அஞ்சல் வழியில் படிக்கட்டுமே என்று சிலர் சொல்லுவார்கள். படிக்கலாம். ஆனால் நாளுக்குப் பத்தரை மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தவன், வீட்டுக்கு வந்து தபாலில் வந்த பாடத்தைப் பிரிக்கும்போது கண் சொருகிவிடும். வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுத் தோழன் தட்டி எழுப்புவான், தபால் எழுப்பாது.

அதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2012-13 கல்வியாண்டுக்குப் பிறகு மைசூர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று 2015-இல் யு.ஜி.சி. அறிவித்தது, 2018-இல்தான் மறுபடி அங்கீகாரம் கிடைத்தது. நடுவில் பணம் கட்டிப் படித்த வேலைக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் தவித்திருப்பார்கள்! எந்தத் தொலைநிலைப் படிப்பில் சேர்வதற்கு முன்னும், அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். தெரியாத பிள்ளைகளுக்குப் படித்த நாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாலைக் கல்லூரி என்றால் வருகைப் பதிவும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அனுப்பி மூன்று நாள் நிறுத்திக்கொண்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. அனுப்புவதென்றால் முழுவதும் அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரமும் அனுப்ப வேண்டும். முதலாளியின் மனம் உண்மையில் சோதிக்கப்படுவது அந்த வாரத்தில்தான்.

என் கடையில் இப்போது பில் போடுகிற ஒரு பெண் மாலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. என் வீட்டுக்காரி நாலே முக்காலுக்கு டிபன் கேரியரைக் கடைக்கே அனுப்பிவிடுகிறாள். பின்கட்டில் குத்துவிளக்குகளும் குடங்களும் அடுக்கியிருக்கிற இடத்தில் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்துவிடுகிறேன். அந்தப் பெண் ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, "வரேங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் நோன்பும் கெடவில்லை. இத்தனை சின்ன ஏற்பாடு 1997-இல் எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நம் சங்கத்தில் கடை வைத்திருப்போர், தொழிற்கூடம் நடத்துவோர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 'அகல் விளக்கு' வாங்கிக் கொடுங்கள். நல்ல நூல், ஐயமில்லை. உங்களிடம் வேலை செய்கிற பிள்ளைக்கும் கொடுங்கள். ஆனால் அவனிடம் கொடுப்பதற்கு முன் சுவரில் இருக்கிற கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஐந்து ஆகியிருந்தால், புத்தகம் நாளைக்கும் கொடுக்கலாம். அவனை முதலில் அனுப்பிவிடுங்கள்.